புட்டுப் புட்டு வைத்தது யார்?

"சின்ன வயசு இல்லீங்களே?"

இந்தக் கேள்வியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குறி கேட்க வந்தவர், "ஆமாங்க, பெரியவருதான்" என்றால், "அதான், வயசு தெரியுதே" என்று மேலே போகலாம். "இல்லீங்க, சின்னப் பையனுங்க" என்றால், "அதான் கேட்டேன், பிஞ்சு மொகமாத் தெரியுதே" என்று அப்போதும் மேலே போகலாம். கேட்டது கேள்வியா, கணிப்பா என்பது பதில் வந்த பிறகுதான் முடிவாகும். முடிவு செய்பவர் கேட்டவர். மேடையில் வித்தை காட்டும் எங்களுக்கு இது அரிச்சுவடி. குறி மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதேதான்.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கல்லூரி விழா, பனியன் கம்பெனி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று ‘மனதைப் படிக்கும்’ நிகழ்ச்சி நடத்துவது என் பிழைப்பு. நீங்கள் நினைத்த பெயரைச் சொல்வேன், மடித்துக் கொடுத்த சீட்டில் எழுதியதைப் பிரிக்காமலே சொல்வேன். எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது, எல்லாமே பயிற்சியும் தந்திரமும்தான் என்று மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். நிகழ்ச்சி முடிந்து பெட்டியைக் கட்டும்போது மேடைக்குப் பின்னால் யாராவது தயங்கித் தயங்கி நிற்பார்கள். "சார், தனியா ஒரு நிமிஷம்..." பெண்ணுக்கு வரன் அமையவில்லை. தம்பி போன இடம் தெரியவில்லை. ஸ்கேனில் ஏதோ கட்டி என்கிறார்கள், அது எப்படிப்பட்டது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

சக்தி இல்லை என்று நான் சொன்னது அவர்கள் காதில் விழாமல் இல்லை. தன்னடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிமிடத்தில் நான் கண்ணை மூடி, "ம்... ஒரு தடை காட்டுது" என்று சொன்னால் போதும், அடுத்த மாதம் முதல் தட்சிணையில் குடும்பம் நடத்தலாம். நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் அந்தரங்கத்தை ஊரறிய உடைத்தவர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருந்தார். கோழிக்கோட்டில் 1930இல் பிறந்து, கோவையை ஒட்டிய போத்தனூரில் வாழ்ந்து, 2009இல் அங்கேயே மறைந்த பி. பிரேமானந்த். 1988இலிருந்து ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ என்ற மாத இதழை நடத்தினார். அவருக்கு முன்னோடி ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. சவாலைப் பிரேமானந்த் கையில் எடுத்துக்கொண்டார்.

கல்லூரி நாளில் பிரேமானந்தின் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி விட்டுப் பிசைந்து உருட்டிக் காயவைத்த திருநீற்று உருண்டையை விரல் இடுக்கில் ஒளித்து, வெறுங்கையை ஆட்டி நசுக்கினால் திருநீறு கொட்டும். நாக்கில் கற்பூரத்தை எரிய விட்டுவிட்டு, நாக்கு ஈரமாக இருக்கும்வரை சுடாது என்று சாவகாசமாக விளக்குவார். தாடியும் காவியுமாக அவரே சாமியார் மாதிரிதான் இருப்பார். வித்தை முடிந்து விளக்கம் சொன்ன பிறகும் காலில் விழப் பார்த்தவர்கள் உண்டு.

கைவித்தை எளிது. பத்து நாள் பழகினால் பத்தாம் வகுப்புப் பையன் செய்துவிடுவான். கஷ்டமானது வாய்வித்தை. அது எப்படி நடக்கிறது என்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க எனக்கு எதிர்பாராமல் ஒரு வாய்ப்பு வந்தது.

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. யாரோ சொல்லி ஒரு குறி சொல்பவரிடம் போயிருக்கிறார். "நா ஒண்ணுமே சொல்லுல தம்பி. கம்முனு உக்காந்திருந்தேன். எல்லாத்தையும் அவரே புட்டுப் புட்டு வெச்சுட்டாரு. பெங்களூருன்னு ஊர்ப் பேரு மொதக்கொண்டு சொல்லீட்டாரு." சாமி வாக்கை வீட்டில் உட்கார்ந்து திரும்பக் கேட்க வேண்டும் என்ற பக்தியில், கூடப் போன மகள் அதைச் செல்போனில் பதிவு செய்திருந்தாள். குறி மேடைகளில் பெரும்பாலும் இதற்கு அனுமதி கிடைக்காது. அன்று எப்படியோ நடந்திருக்கிறது.

போட்டுக் கேட்டோம். முதலில் உடுக்கைச் சத்தம், பிறகு அவர் குரல்.

"வூட்டு ஆம்பள ஒருத்தர நெனச்சு மனசு ஒடஞ்சு வந்திருக்குது."

"ஆமாங் சாமி."

"சின்ன வயசு இல்லீங்களே?"

"பையனுங் சாமி. இருவத்திநாலு முடிஞ்சுது."

"அதான், பிஞ்சு மொகமாத் தெரியுது. ஆளு இப்ப எடத்துல இல்ல. வடக்கயா, மேக்கயா... ரெண்டுக்கும் நடுவால நிக்கிறாப்புல காட்டுது."

"கடைசியாப் போன் பண்ணுனது பெங்களூருல இருந்துங் சாமி."

"வடக்க. வடக்கன்னுதான் அம்மன் சொல்றா. பெங்களூரு."

கொஞ்ச நேரம் உடுக்கை மட்டும். பிறகு: "தானாப் போகுல. கூட ஒருத்தன் இருக்கறான். எழுத்து தெரியுது... ‘ச’ங்குது, ‘சி’ங்குது, ‘ஸ்ரீ’ மாதிரியும் வருது..." என்று இழுக்கிறார். இழுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மகள்தான் வாயைத் திறக்கிறாள். தம்பியின் கூட்டாளி பெயர், அவன் எங்கே வேலை பார்த்தான், இரண்டு பேருக்கும் பழக்கம் எப்படி, எல்லாம் வந்துவிடுகிறது. இருபத்துநாலு வயதுப் பையனின் சேர்க்கையில் ஒரு செந்திலோ சதீஷோ சரவணனோ ஸ்ரீதரோ இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஒரு தாளில் நடுக்கோடு போட்டு, இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் அக்காவும் மகளும் சொன்னது என்று எழுதிக்கொண்டே கேட்டோம். இடது பக்கத்தில் ஓர் ஆம்பளை, இரண்டு திசை, ஓர் எழுத்து வரிசை. வலது பக்கத்தில் மகன், வயது, பெங்களூர், கூட்டாளி, வண்டிக்கு வாங்கிய கடன், அதை வைத்து அப்பனும் மகனும் கைகலந்தது, மாமாவின் குடி, தறிக்கூடத்து மின்கட்டணம் பாக்கி நின்றது வரை வரிசையாக. அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானா இத்தனையும் பேசுனேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பேச்சில் கேட்ட விஷயம் மனதில் தங்கும். அது யார் வாயிலிருந்து வந்தது என்பது எளிதாக நழுவிவிடும். அதுவும் அழுதுகொண்டே பேசும்போது, எதிரில் இருப்பவர் ‘பெங்களூரு’ என்று உறுதியான குரலில் திருப்பிச் சொல்லி முடித்தால், அந்தச் சொல் அவருடையதாகவே மனதில் பதியும். தவறிப்போனவை அதைவிட வேகமாக மறையும். அந்தப் பதிவிலேயே, "முழங்காலு வலி உண்டுங்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும், "வரும், பாத்து இருந்துக்கோங்க" என்று தாண்டிப் போகிறார். அக்காவுக்கு அது நினைவே இல்லை.

இதன் இன்னொரு பாதி, எல்லோருக்கும் பொருந்தும் வாக்கு. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் 1948இல் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தைப் பற்றிய குறிப்பு என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. ஆனால் 39 தாளிலும் இருந்தது ஒரே குறிப்பு. கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வாக்கியங்கள் அவை.

நம் ஊர்ச் சரக்கு ஃபோரரின் சரக்கைவிடத் தரமானது என்பது என் தொழில்முறைக் கருத்து. "எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்வீங்க, உங்களுக்குன்னு வந்தா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க." இதை மறுத்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை. "நன்றி இல்லாத கை." "காசு வரும், தங்காது." "வெளிய பாக்கத்தான் கோவக்காரர், உள்ளுக்குள்ள கொழந்த மனசு." இவற்றுக்கெல்லாம் சிகரம், "கொலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் பாக்கி நிக்குதுங்களே." மொட்டையோ, கிடாயோ, பொங்கலோ, யாராவது ஒருவர் எப்போதோ வேண்டிக்கொண்டு தள்ளிப்போடாத குடும்பம் கொங்கு நாட்டில் உண்டா? அக்காவின் பதிவிலும் இது இருந்தது. கேட்டவுடன் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "ஆமாங் சாமி" என்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டத் தயாராகிவிட்டார்கள்.

வாடிக்கையாளர் தலையாட்டுவதால் சொல்கிறவரும் மயங்கிவிடுவதுண்டு. ரே ஹைமன் பதின்ம வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். எல்லோரும் ‘அப்படியே சொன்னாய்’ என்று புகழ, ரேகை சாஸ்திரம் உண்மை என்று அவரே நம்பிவிட்டார். அனுபவசாலியான ஒரு மேடை வித்தைக்காரர் அவரிடம், ஒருநாள் ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார் என்றார். சொன்னார். அப்போதும் அதே புகழ்ச்சி. ஹைமன் பிறகு ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரானார். முன்பின் தெரியாதவரிடம் எல்லாம் தெரிந்தவர்போலப் பேசும் கலையைப் பற்றி 1977இல் அவர் எழுதிய கட்டுரையை எங்கள் தொழிலில் இன்றும் படிக்கிறோம். குறி சொல்பவர்கள் எல்லோரையும் நான் மோசடிக்காரர்கள் என்று சொல்லாததற்கு ஹைமன் ஒரு காரணம். தனக்கு அருள் வருகிறது என்று மனதார நம்பி, வெற்றிலை பாக்குக்கு மேல் எதுவும் வாங்காத கோடாங்கிகளையும் நான் அறிவேன். அவர்கள் கதை வேறு.

வேறல்லாத கதை, கூடத்தில் ஆள் வைத்திருப்பவர்களுடையது. டோக்கன் போட்டுக் காலை ஆறு மணியிலிருந்து உட்கார வைப்பார்கள். கூட்டம் அதிகம் என்பதுதான் காரணம் என்று நினைப்போம். உங்கள் பக்கத்தில் இன்னொரு அம்மாவும் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார். "எந்த ஊருங்க அம்மணி? எங்களுக்கும் இதே கஷ்டந்தான்..." மூன்று மணி நேரம் சும்மா எப்படி இருப்பது? பேசுவோம். அந்த அம்மா நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதை யார் கவனிக்கப் போகிறார்கள். இப்போது அந்த அம்மாவுக்கும் வேலை குறைந்துவிட்டது. முன்பதிவுக்கு நாம் போன் செய்த எண்ணே போதும். ட்ரூகாலரில் பெயர், வாட்ஸாப்பில் படம், ஃபேஸ்புக்கில் காதுகுத்து முதல் கருமாதி வரை.

இந்த முறையில் உலகமறியச் சிக்கியவர் பீட்டர் பாப்பாஃப். அமெரிக்காவில் நோய் தீர்க்கும் ஜெபக் கூட்டங்கள் நடத்திய தொலைக்காட்சிப் பிரசங்கி. ஆயிரக்கணக்கானோர் நடுவே நடந்துபோய், ஒருவர் முன்னால் நின்று பெயரைச் சொல்வார், நோயைச் சொல்வார், வீட்டு முகவரியைக்கூடச் சொல்வார். கூட்டம் கதறும். ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரருக்குச் சந்தேகம். தேவனோடு பேசுகிறவர் காதில் எதற்குக் கருவி? 1986இல் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவியோடு ராண்டியின் ஆட்கள் கூட்டத்துக்குள் போனார்கள். 39.17 மெகாஹெர்ட்ஸில் பாப்பாஃபின் மனைவி எலிசபெத்தின் குரல் கேட்டது. கூட்டம் தொடங்குமுன் மக்கள் நிரப்பிக் கொடுத்த ஜெப அட்டைகளைப் பார்த்துப் பார்த்து, கணவர் காதில் அவர் ஓதிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நாடே பார்க்க ராண்டி போட்டுக் காட்டினார். 1987இல் பாப்பாஃப் திவால் அறிவித்தார். முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? சில ஆண்டுகளில் தொலைக்காட்சிக்குத் திரும்பி வந்து, ‘அற்புத ஊற்று நீர்’ பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கினார். பழைய நோயாளிகள் கூட்டத்தில், கடனாளிகளும் புதிதாகச் சேர்ந்துகொண்டார்கள்.

ஆளும் வேண்டாம், கருவியும் வேண்டாம் என்று சில நேரம் உடம்பே காட்டிக்கொடுக்கும். என் நிகழ்ச்சியில் ஒரு பகுதி உண்டு. நான் அரங்குக்கு வெளியே போய்விடுவேன். கூட்டத்தில் யாரிடமாவது கார் சாவியை ஒளித்து வைப்பார்கள். வைத்த இடம் தெரிந்த ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் வரிசைகளுக்கிடையே நடப்பேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், சாவி இருக்கும் இடத்தை மட்டும் நினையுங்கள் என்பேன். தப்பான பக்கம் திரும்பினால் அந்தக் கை இம்மியளவு கனக்கும். சரியான பக்கம் என்றால் இளகும். பக்கத்தில் வந்ததும் மூச்சு நிற்கும். கையைக் கொடுத்தவருக்கே இது தெரியாது, சத்தியம் செய்வார். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குப் போட்டு ஜெர்மனியையே அதிசயிக்க வைத்தது. கேள்வி கேட்டவரின் தலை அசைவையும் உடல் இறுக்கத்தையும் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்துகிறது என்று ஓஸ்கர் ஃப்ஃபுங்ஸ்ட் 1907இல் கண்டுபிடித்தார். குதிரைக்கே தெரிகிறது என்றால், முப்பது வருடமாக அழுத முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்குத் தெரியாதா?

நாடி ஜோதிடம் பார்த்தவர்களுக்கு இன்னொரு நுணுக்கம் புரியும். கட்டைவிரல் ரேகை கொடுத்ததும் ஓலைக்கட்டைப் பிரிப்பார்கள். "தகப்பனார் பெயர் கடவுள் பெயர்தானே?" "மூத்தவர் நீங்கள்தானே?" ஆம், இல்லை என்று மட்டும் நாம் சொன்னால் போதும். ‘இல்லை’ வந்தால் அது உங்கள் ஓலை இல்லை, அடுத்த ஓலை. அதாவது தவறு அவருடையது ஆவதே இல்லை, ஓலையுடையது. ஆம் இல்லை என்ற இருபது பதில்களால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாத்தியங்களைப் பிரித்துவிடலாம். கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள், இரண்டின் இருபதாம் அடுக்கு 10,48,576. கடைசியில் ‘உங்கள்’ ஓலை கிடைக்கும்போது, நாம் சொன்னதெல்லாம் அதில் செய்யுளாக வாசிக்கப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் நம்பிக்கை சம்பாதிக்கத்தான். பணம் அதற்குப் பிறகு.

அக்காவிடம் முதல் நாள் வாங்கியது இருநூற்று ஒரு ரூபாய். இரண்டாம் தடவைதான், "வூட்டுக்குச் செஞ்சு வெச்சிருக்காங்க" என்று வந்தது. யார் என்று நேரடியாகச் சொல்லவில்லை. ரத்தச் சொந்தம், பொம்பளை, வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள் என்றார். அக்காவின் கொழுந்தனார் வீடு கிழக்கே. கொழுந்தனார் மனைவியோடு பேச்சு அன்றோடு நின்றது. ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து, தறி நின்றால் ஓடிவந்து கைகொடுத்த பெண். எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை. மனம் நொந்து வந்த ஒருத்திக்கு மிச்சம் இருந்த ஒரே துணையைப் பகையாக்கி அனுப்பியாயிற்று. "வெளிய மூச்சு விடாதீங்க, சொன்னாப் பலிக்காது" என்று வாயையும் கட்டியாயிற்று. யாரிடமும் யோசனை கேட்க முடியாதவர்தான் மறுபடி மறுபடி வருவார்.

பிறகு ‘எடுக்கிற’ வேலை. எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் கசியும். கத்தியில் செம்பருத்திப் பூவைக் கசக்கித் தேய்த்துக் காயவைத்திருப்பார்கள். பூவின் நிறமி எலுமிச்சைப் புளிப்புப் பட்டதும் செக்கச்செவேலென்று மாறும். உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். இடுமருந்து எடுப்பதும் உண்டு. தொப்புளுக்கு மேல் குழாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்புவார்கள். எப்போதோ சோற்றில் வைத்த மருந்தாம். வயிற்றில் போனது தொப்புள் வழியே தோலைத் துளைக்காமல் எப்படி வரும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. உருண்டை முன்பே கடைவாயில் அடக்கி வைத்தது. வித்தைக்காரனாகச் சொல்கிறேன், கையில் சீட்டை மறைப்பதைவிட இது சுலபம். வாயை யாரும் சோதிக்க மாட்டார்கள். மோசம் என்னவென்றால், அந்த வயிற்றில் உண்மையாகவே புண்ணோ கட்டியோ இருந்தால், ‘எடுத்தாச்சு’ என்ற நிம்மதியில் ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகும்.

பரிகாரத்துக்குக் கெடு ஒரு மண்டலம். 48 நாளில் தலைவலி குறையலாம், கோபித்துக்கொண்டவன் போன் செய்யலாம், நின்ற கூலி கைக்கு வரலாம். துன்பம் உச்சியில் இருக்கும்போதுதான் குறி கேட்கப் போகிறோம். உச்சியிலிருந்து பெரும்பாலும் இறக்கம்தான். இறங்கினால் பரிகாரம் பலித்தது. இறங்காவிட்டால் தீட்டுப் பட்டுவிட்டது, நடுவில் யாரோ கவுச்சி சாப்பிட்டுவிட்டார்கள், இன்னும் பெரிய பூஜை வேண்டும். அக்காவுக்குச் சொன்ன பெரிய பூஜையின் விலை நாற்பதாயிரம். அதற்கு முன்பே தகடு, தாயத்து, அபிஷேகம் என்று கொடுத்தது அதில் பாதிக்கு மேல். கொடுத்தது வீணாகிவிடக் கூடாதே என்பதற்காக மேலும் கொடுப்பது, சீட்டாட்டக்காரனிடம் மட்டும் இருக்கும் குணம் இல்லை.

லாமார் கீன் என்ற அமெரிக்கர் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிப் பல ஆண்டு சம்பாதித்து, பிறகு மனம் மாறி 1976இல் ‘தி சைக்கிக் மாஃபியா’ என்ற புத்தகத்தில் அத்தனையையும் போட்டு உடைத்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அட்டை; பெயர், இறந்த உறவினர், நோய், சொத்து; ஒருவர் ஊர் விட்டு ஊர் போனால் அங்குள்ள தொழில் கூட்டாளிக்கு விவரம் போய்விடும். அவரை அதிர வைத்தது இன்னொன்று. எல்லாம் பொய் என்று கூட இருந்தவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பிறகும், நம்பியவர்கள் நம்பிக்கொண்டே இருந்தார்கள்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. மரியா துவல் என்ற பெயரில், உங்களைப் பற்றி எனக்கு ஒரு காட்சி தெரிந்தது என்று தொடங்கும் ‘தனிப்பட்ட’ கடிதங்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. எல்லாம் அச்சடித்த ஒரே வாசகம். பணம் அனுப்பியவர்களில் முதியவர்கள் ஏராளம். 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் 17 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாக நிரூபணமாகி, அதை நடத்திய கனடாக்காரருக்கு 2024இல் பத்து ஆண்டு சிறை விதித்தார்கள். அங்கே எதிரில் முகம்கூட இல்லை, காகிதம்தான். தனியாக இருப்பவருக்குத் தன் பெயர் எழுதிய கடிதம் வருவதே பெரிது.

நம் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. மந்திரத்தால், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. ஏமாற்றிப் பணம் பறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு, அதாவது பழைய 420. இணையத்தில் வசியம், பரிகாரம் என்று பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் நரேந்திர தாபோல்கர் பல ஆண்டுகள் போராடி, 2013 ஆகஸ்ட் 20 அன்று புணே நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பில்லி சூனியத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் எந்தச் சட்டத்துக்கும் முதலில் ஒரு புகார் வேண்டும். ஊர் சிரிக்குமே என்று யாரும் கொடுப்பதில்லை. அக்காவும் கொடுக்கவில்லை.

தாளில் கோடு போட்டு எழுதிய அன்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அக்காவே பேசினார். "சரி தம்பி, எங்கிட்டக் கேட்டுத்தான் சொல்லியிருக்கறாரு. இருக்கட்டும். ஆனா அரை மணி நேரம் வெச்சுக் கேட்டாருல்ல. உங்க மாமா கேட்டாரா? நீ கேட்டியா?"

பதில் இல்லாததால் வேலையைப் பார்த்தோம். பணம் கேட்டு வந்த போனை மகள் எடுத்து, பூஜை வேண்டாம் என்று சொன்னாள். மறுமுனையில், "வேண்டாம்னா விட்டுருங்க, ஆனா ஒரு உசுரு போனா எங்கிட்ட வராதீங்க" என்றாராம். நாற்பதாயிரத்துக்கும் ஒரு உயிருக்கும் நடுவில் ஒரு தாயை நிறுத்தும் அந்த வாக்கியம்தான் இந்தத் தொழிலின் முதலீடு. இரண்டு நாள் அக்கா தூங்கவில்லை. மூன்றாம் நாள் கொழுந்தனார் மனைவியே வந்து, "ஏனுங்க்கா, நான் என்ன பண்ணுனேன்?" என்று கேட்க, இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள். அவருடைய தம்பி பெங்களூரில் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். அந்த ‘ச’ கூட்டாளியைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். பையன் ஒசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறான்.

தகட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். குலதெய்வ வேண்டுதலை மட்டும் அக்கா விடவில்லை. சாமியார் எல்லார் வீட்டுக்கும் அதைத்தான் சொல்வார் என்று நான் விளக்கியதற்கு, "சொல்லட்டும், பாக்கி நெசந்தானே?" என்றார். தை மாதம் கிடா வெட்டினார்கள். பங்காளி வீடு மொத்தமும் வந்திருந்தது. பகுத்தறிவு பேசுகிற நானும் போயிருந்தேன், கறிக்குழம்பு பிரமாதம்.